இருபத்து நான்கு இலைகள்

அழைப்புமணி அடித்தபோது கொழுந்தனார் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சந்தேகப் பார்வை பழகிக்கொண்டிருந்தார். ஒரு புருவம் மட்டும் மேலே போக வேண்டும். அவருக்கு இரண்டும் சேர்ந்தே போயின. பார்க்கிறவர்களுக்கு அது சந்தேகமாகத் தெரியவில்லை, பல்வலி மாதிரித் தெரிந்தது.

"தம்பி, கதவைத் திறங்க," என்று சாப்பாட்டு மேசையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

அண்ணி இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர். ஊரார் சொல்லும் பொய்களை ஒரு எழுத்து விடாமல் எழுதி எழுதி, பொய்க்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அவருக்கு அத்துப்படி. வேலையை விட்ட பிறகு, தெரிந்தவர்கள் சிக்கலோடு வந்தால் கேட்டுச் சொல்வார். அதற்கு அவர் எந்தப் பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தது கொழுந்தனார்தான். காப்பீடு விற்கும் வேலை அவரைக் கைவிட்ட மறுவாரமே "தலைமைத் துணைத் துப்பறிவாளர்" என்று நூறு விசிட்டிங் கார்டு அச்சடித்தார். தலைமையும் துணையும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும் என்று அண்ணி கேட்டதற்கு, "அதான் அண்ணி கெத்து," என்றார். இதுவரை நான்கு கார்டு செலவாகியிருந்தது. அதில் ஒன்றை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

வாசலில் நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நகக்கண்ணில் மண். கண்ணில் தூக்கமில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களை ஆராயும் நிறுவனத்தில் ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டார். கொழுந்தனார் கார்டை நீட்டினார். அவர் அதைப் பார்க்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக அண்ணியிடம் போய் உட்கார்ந்தார்.

"மேடம், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என்னைப் பொய்க்காரின்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறாங்க. பதினோரு மணிக்கு என் சோதனையையே எரிச்சு மூடப்போறாங்க. ஒன்பது வருஷம், மேடம். என்னோட பன்னிரண்டு செடியைத் தவிர என்கிட்ட எதுவும் மிச்சமில்ல."

"மெதுவா, முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டார். அவர் கேட்கும் முறை அது.

ஆய்வாளர் சொன்னது இதுதான். மண் காய்ந்தால் வேர் ஆழத்துக்குப் போய்த் தண்ணீர் தேட வேண்டும். அதற்கான மரபணு எல்லாச் செடியிலும் இருக்கிறது. ஆனால் அதை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்று தீர்மானிக்கிற சுவிட்ச் தனியாக இருக்கிறது.

"சாதாரணச் செடியில அந்த சுவிட்ச் சோம்பேறி. மண்ணு காஞ்சு பத்து நாள் ஆனப்புறம்தான் முழிச்சுக்கும். அதுக்குள்ள இலை தொங்கிடும். நாலாயிரம் நாத்துல தேடித்தேடி, ரெண்டாம் நாளே சுவிட்ச் விழற ஒரு வகையைப் பிடிச்சேன். அது மேல வளர்றதைச் சட்டுனு நிறுத்திட்டு எல்லாத்தையும் வேருக்கு அனுப்பிடும்."

"அப்ப அந்தச் செடியைக் காட்டினாப் போதுமே!" என்றார் கொழுந்தனார்.

"வேரைப் பார்க்கணும்னா செடியைத் தோண்டி எடுத்துக் கழுவணும் சார். அதோட அது செத்துடும். முன்னால வளர்த்ததெல்லாம் அப்படித்தான் அளந்து அளந்தே தீர்ந்துபோச்சு. கடைசிப் பன்னிரண்டுதான் நின்னுச்சு. அதை ஒட்டுக்கட்டி வச்சேன்."

ஒட்டுக்கட்டுவது என்றால் என்ன என்று கேட்க நினைத்து, தலைமைத் துணை என்ற பட்டம் தடுக்க, கொழுந்தனார் தலையை மட்டும் ஆட்டினார். ஆய்வாளர் அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கொழுந்தனாரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி மேசையில் நிறுத்தினார்.

"இந்தப் பேனா ரெண்டு துண்டு இல்லையா? ஆரஞ்சுச் செடியும் அப்படித்தான். கீழே ஒரு மரம், மேலே வேற மரம். கீழே இருக்கறது வேரு. மேலே நல்ல பழம் தர்ற மரத்தோட கிளையை வெட்டி வச்சுக் கட்டிடுவோம், ஒண்ணாச் சேர்ந்துக்கும். என் சோதனையில இருபத்து நான்கு செடி. பன்னிரண்டுக்குக் கீழே என் சுவிட்ச் வேரு, மீதிப் பன்னிரண்டுக்குச் சாதாரண வேரு. மூடி மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணு. ஒரே தாய்மரத்துல இருந்து வெட்டின கிளை. மேல பார்த்தா எது எதுன்னு எனக்கே தெரியாது. கழுத்துல கட்டின சீட்டை வச்சுத்தான் தெரியும்."

ஆள் உயரக் குழாய்களில் மண் நிரப்பி, அவற்றைக் கலந்து கலந்து நிறுத்தி, தண்ணீரை நிறுத்தினார். எட்டு நாள் அவரே பார்த்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் இயக்குநர் வந்தார். வெளியிலிருந்து ஆய்வுக்குழு வரப்போகிறது, கையால் எழுதிய அழுக்குச் சீட்டு கண்ணுக்கு நன்றாக இல்லை என்றார். பளபளவென்று அச்சடித்த சீட்டு வந்தது. செடிகள் கலந்து நிற்பது ஒழுங்கீனம் என்றார். வலது பக்கம் பன்னிரண்டு, இடது பக்கம் பன்னிரண்டு என அணிவகுப்பு மாதிரி நிறுத்தச் சொன்னார். நடுநிலை வேண்டும் என்று ஆய்வாளரை வெளியே அனுப்பிக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தார். பதினெட்டாம் நாள், குழுவின் முன்னால் முத்திரை உடைந்தது.

"'சுவிட்ச் வேர்'னு சீட்டுத் தொங்கின என் பன்னிரண்டும் தலை சாய்ஞ்சு கிடந்துது. 'சாதாரணம்'னு சீட்டுப் போட்டது கல்லு மாதிரி நிக்குது. சீட்டு மாறியிருக்குன்னு நான் கத்தினேன். மரபணுச் சோதனை செஞ்சிடுவோம்னு சொன்னாங்க. மூணு நாள்ல முடிவு வந்துச்சாம். சீட்டெல்லாம் சரின்னு."

"அந்த அறிக்கையைப் பார்த்தீங்களா?"

"ரகசியம்னு காட்ட மாட்டேங்கறாங்க. குழாய் மேலயே எண்ணை எழுதியிருக்கணும். சீட்டை நம்பினது என் தப்பு."

அண்ணி கண்ணைத் திறந்தார். "விசாரணைக்குத் துணையா ஒரு ஆளை அழைச்சிட்டு வரலாமா?"

"ஒருத்தர் வரலாம்னு விதி இருக்கு."

"நாங்க ரெண்டு பேரு," என்றார் கொழுந்தனார், அடிபட்ட குரலில்.

"தம்பி என் கைப்பை மாதிரி," என்றார் அண்ணி. "தனியாக் கணக்கில்ல."

அன்று மதியம் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலிலேயே கொழுந்தனார் சந்தேகப் பட்டியலைத் தொடங்கிவிட்டார். தொடக்கத்தில் ஆய்வாளரின் பெயரைச் சேர்த்தார். பிறகு காவலாளி. காவலாளி அவரிடம் "யார் நீங்க?" என்று கேட்ட தொனி அவருக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடிக் குடிலுக்குப் போகும் வழியெல்லாம் ஈரம். ஒரு தோட்டக்காரர் முழங்கால் வரை நனைந்து, கையில் ரப்பர் குழாயோடு நின்றார். இவர்களைக் கண்டதும் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அண்ணி!" கொழுந்தனார் கிசுகிசுத்தார். குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது. "ஆளு நனைஞ்சிருக்கான். குழாயை ஒளிக்கிறான். நல்லா நிக்கற செடிக்குத் திருட்டுத்தனமாத் தண்ணி காட்டினது இவன்தான். முடிஞ்சது கேஸ்!"

"நான் பாதையைக் கழுவறேன் சார்," என்றார் தோட்டக்காரர், பாவமாக. "நாளைக்குப் பெரியவங்க வர்றாங்கன்னு மூணு நாளாக் கழுவச் சொல்லியிருக்காங்க. தண்ணி இல்லாம எப்படிச் செடி வளர்க்கறதுன்னு ஆராய்ச்சி பண்ற இடத்துல இப்படிக் கொட்டறமேன்னு வெக்கமா இருக்கு. அதான் மறைச்சேன்."

கொழுந்தனார் அவர் பெயரை எழுதி, அடித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

குடிலின் கதவில் புது முத்திரை இருந்தது. கண்ணாடி வழியே பார்க்கலாம், தொடக் கூடாது. இடது வரிசையில் செடிகள் தலை கவிழ்ந்து, இலைகள் ஓடம் மாதிரி மடங்கிக் கிடந்தன. வலது வரிசை பச்சைப்பசேல். இரண்டுக்கும் குழாய் வாயில் மண் ஒரே மாதிரி வெடித்திருந்தது. உள்ளே வரும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, அதன் வாயிலும் அரக்கு வைத்திருந்தார்கள்.

"இந்த மண்ணைப் பார்த்தா யாராவது தண்ணி ஊத்தின மாதிரி இருக்கா?" என்று அண்ணி தோட்டக்காரரைக் கேட்டார்.

"இல்லம்மா. ஊத்தியிருந்தா வெடிப்பு மூடி, மேல பாலாடை மாதிரிப் படிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே காய்ச்சல்."

"வாடினதுக்கு யாராவது உப்போ மருந்தோ வச்சிருப்பாங்களா?"

"வச்சா இலை ஓரம் கருகும். இது வெறும் தாகம். மடங்கிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

அண்ணி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்லா நிக்கற வரிசை கொஞ்சம் குட்டையா இல்ல?"

"ஆமாம்மா. நாலு விரக்கடை கம்மிதான். அதுங்களுக்கு யோகம். வாடினதை நாளைக்கு நோய் பரவும்னு எரிக்கறாங்க. இந்தப் பன்னிரண்டையும் ஐயா தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோறார். பதினோரு மணிக்கு வண்டி வரச் சொல்லியிருக்கார். உயிருங்க மேல ஐயாவுக்கு அவ்வளவு இரக்கம்."

"அப்படியா!" என்றார் கொழுந்தனார் நெகிழ்ந்துபோய். பட்டியலில் இயக்குநரின் பெயரை எழுதுவதற்காகத் திறந்த பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

இயக்குநரின் அறை ஒரு சின்ன திருமண மண்டபம் அளவுக்கு இருந்தது. சுவரெல்லாம் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியோடு ஒன்று, மாலையோடு ஒன்பது. மண்வெட்டிப் படத்தில் சட்டை மடிப்புக் கலையவில்லை. உள்ளே வந்தவர்களை அவர் அரைமணி நேரம் காக்கவைத்தார். அந்த நேரத்தில் செய்யும் வேலை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து அறையில் அவர் இருமுவது கேட்டது.

காத்திருக்கும்போது கொழுந்தனார் சும்மா இருக்கவில்லை. அலமாரி ஓரத்தில் சிவப்பு வெல்வெட் துணி போர்த்திய ஒரு பலகை சாய்ந்திருந்தது. துணியின் ஒரு முனையைத் தூக்கினார். பித்தளைத் தகடு. "...இல்லத் தோட்டத்தில் தாமே கண்டறிந்து உலகுக்கு ஈந்த..." என்று செதுக்கியிருந்தது. கீழே தேதி. அவர் துணியைப் போர்த்திவிட்டு அண்ணியின் காதருகே குனிந்தார்.

"பாவம் அண்ணி, பெரிய மனுஷன். ஏதோ பரிசு போல. செதுக்கினவன் அடுத்த வருஷத் தேதியைப் போட்டு வச்சிருக்கான். சொல்லிடலாமா?"

"வேண்டாம். நோட்டுல எழுதிக்குங்க," என்றார் அண்ணி.

இயக்குநர் வந்தார். பின்னால் சோதனைக்கூடப் பொறுப்பாளர் ஒரு கோப்பைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். ஒல்லியான மனிதர். இயக்குநர் சிரித்தால் சிரித்தார், நிறுத்தினால் நிறுத்தினார். அந்த இடைவெளி கால் நொடிகூட இல்லை.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு வருத்தம் உண்டு, கோபம் கிடையாது," என்று இயக்குநர் தொடங்கினார். மேடையில்லாத இடத்திலும் அவருக்கு மேடைக் குரல்தான். "அறிவியல் என்பது ஒரு தவம் அம்மா! தவத்தில் பொய் கலக்கலாமா? இருந்தாலும் நான் நியாயத்தை விடல. சோதனை வச்சேன். ஒரு செடியின் வேரையும் தொடாம, ஒரு உயிருக்கும் ஊறு வராம, செடிக்கு ஒண்ணா இருபத்து நான்கு இலை பறிச்சோம். 'சுவிட்ச்'னு சீட்டுப் போட்ட பன்னிரண்டு இலையிலும் அவங்க சொல்ற சுவிட்ச் இருக்கு. 'சாதாரணம்'னு போட்ட பன்னிரண்டிலும் இல்ல. சீட்டு சரி. செடிதான் சரியில்ல!"

பொறுப்பாளர் தலையாட்டினார். கொழுந்தனார் ஆர்வத்தோடு குறிப்பெடுத்தார். ஒரு இலைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

அண்ணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அழகாச் சொன்னீங்க. இதை அப்படியே நாளைக்குக் குழு முன்னால வாசிப்பீங்களா?"

"வாசிக்காமலா! நானே வாசிப்பேன்."

"புதுச் சீட்டை யார் கட்டினாங்க?"

"நானே கட்டினேன்," என்றார் இயக்குநர் பெருமையோடு. "தலைவன் என்பவன் தன் கையால் செய்ய வேண்டும். அப்புறம்தான் தோட்டக்காரன் வரிசையா நகர்த்தினான்."

திரும்பும் வழியில் கொழுந்தனார் பட்டியலை வாசித்துக் காட்டினார். மொத்தம் ஆறு பேர். ஆறாவது ஆள் ஆய்வுக்குழுவின் தலைவி, அவரை இவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை. "அண்ணி, உண்மையைச் சொல்லட்டா? எனக்கு நம்ம கட்சிக்காரங்க மேலதான் சந்தேகமா இருக்கு. இலையே சொல்லுதே!"

"இலை என்ன சொல்லுதுன்னு உங்க பேனாவைக் கேளுங்க தம்பி."

அவர் பேனாவை எடுத்துப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வரை அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு எல்லாரும் கண்ணாடிக் குடிலுக்குள் கூடினார்கள். அங்கேயே கூட வேண்டும் என்று அண்ணி கேட்டிருந்தார். குழுத் தலைவி காதில் கருவி வைத்த, கறாரான அம்மாள். மற்ற இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் தேநீர் எப்போது வரும் என்று கதவைப் பார்த்தார். இன்னொருவர் இயக்குநரைப் பார்த்தார். ஆய்வாளர் வாடிய செடிகளின் பக்கம் நின்றார். வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. குடிலுக்குப் பின்னால் எரிப்பதற்கான தகரப் பீப்பாயைத் தோட்டக்காரர் ஏற்கெனவே உருட்டி வைத்திருந்தார்.

இயக்குநர் அறிக்கையை வாசித்தார். இருபத்து நான்கு இலைகள் என்ற இடத்தில் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டார். பொறுப்பாளர் தட்டினார். தட்டியது தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் கொசு அடித்த மாதிரி பாவனை செய்தார்.

ஆய்வாளர் மட்டும் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவர் போல நிமிர்ந்தார். "இலையா?" என்றார். "இலையையா சோதிச்சீங்க?"

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அண்ணி. "தம்பி, பேனா."

பேனாவை வாங்கிக் குழுத் தலைவியின் முன்னால் பிடித்தார்.

"அம்மா, எனக்குத் தாவரம் பத்தி ஒண்ணும் தெரியாது. நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன், ஆரஞ்சுச் செடின்னா ரெண்டு மரம்னு. கீழே வேர் ஒரு மரம். மேலே கிளை இன்னொரு மரம். இந்த இருபத்து நான்குக்கும் வேர்தான் ரெண்டு வகை. மேல இருக்கறது, இந்தப் பேனா மூடி மாதிரி, எல்லாத்துக்கும் ஒரே தாய்மரத்துக் கிளை. சரியா?"

"சரி," என்றார் தலைவி. சொல்லிவிட்டு அவர் புருவம் சுருங்கியது. ஒற்றைப் புருவம். கொழுந்தனார் பொறாமையோடு பார்த்தார்.

"அப்ப இருபத்து நான்கு இலையும் ஒரே மரத்து இலை. சோதிச்சா இருபத்து நான்குக்கும் ஒரே பதில்தான் வரணும். ரெண்டு பதில் எப்படி வந்துச்சு? சுவிட்ச் வேருல இருக்கு. இலையில அது இருக்கவே வழியில்ல. இல்லாததைப் பன்னிரண்டு இலையில கண்டுபிடிச்சிருக்காங்கன்னா, அந்த இலை சோதனைக்கூடத்துக்குப் போகவே இல்ல. இந்த அறிக்கையை உட்கார்ந்து எழுதியிருக்காங்க. எழுதச் சொன்னவருக்கு ஆரஞ்சுச் செடிக்கு ஒட்டு உண்டுங்கறதே மறந்துபோச்சு."

எலுமிச்சை, ஆரஞ்சுக்கென்றே கட்டிய நிறுவனத்தின் தலைவர், தன் எதிரில் நின்ற செடியின் தண்டில், ஒரு சாண் உயரத்தில் பட்டையாகத் தெரிந்த ஒட்டுத் தழும்பை, பல வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்தார்.

"நான்... ஐயா சொன்னதைத்தான் எழுதினேன்," என்றார் பொறுப்பாளர். அவர் இந்த முறை யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. "வேரை எடுத்துச் செஞ்சா ஒரு வாரம் ஆகும்னு சொன்னேன். 'இலையைப் போடு, யாருக்குத் தெரியப்போகுது'ன்னாங்க. எனக்குத் தெரியும், தப்புன்னு. சொன்னா ஐயா கோவிச்சுப்பார்னு..."

"தொழில்நுட்பப் பிழை!" இயக்குநர் கையை உயர்த்தினார். "அறிக்கையில் பிழை இருக்கலாம். அதனால் சீட்டு மாறியது என்று ஆகிவிடுமா? சீட்டு சரி! வாடினது வாடினதுதான்!"

"அதுவும் நியாயம்தான்," என்றார் அண்ணி. "அப்ப வேரைத்தான் கேக்கணும்."

இயக்குநரின் முகம் மாறியது. "தோண்டுவதா? நல்லாயிருக்கும் ஒரு உயிரைக் கொல்வதா? நான் அனுமதிக்க மாட்டேன்! அந்தப் பன்னிரண்டும் என் வீட்டு... அவை வாழ வேண்டியவை!"

"எதைத் தோண்டணும்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றார் அண்ணி.

தேநீருக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினரும் இப்போது திரும்பினார்.

குழுத் தலைவி ஆய்வாளரிடம் கேட்டார். "உங்களுக்குச் சம்மதமா? நீங்க சொல்றது உண்மைன்னா, நிக்கறதுதான் உங்களோடது. உங்க பன்னிரண்டுல ஒண்ணு போயிடும்."

ஆய்வாளர் வலது வரிசையின் பக்கம் நடந்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் "சாதாரணம்" என்று தங்க எழுத்து மின்னியது. ஒரு செடியின் இலையைத் தடவினார், அடுத்ததற்குப் போனார், மறுபடி முதல் செடிக்கே வந்தார். ஒன்பது வருடத்தில் அவர் நூற்றுக்கணக்கான செடிகளைத் தோண்டியிருப்பார். ஆனாலும் வரிசையை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இது," என்றார். "நானே அறுக்கறேன்."

தோட்டக்காரர் ரம்பம் கொண்டுவந்தார். குழாயைப் படுக்கவைத்து நீளவாக்கில் இரண்டு பக்கமும் அறுத்து, மேல் ஓட்டைத் தூக்கினார்கள். காய்ந்த மண் உதிர்ந்தது. ஆய்வாளர் விரலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே போனார். வேர் போய்க்கொண்டே இருந்தது. இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு. வெளுத்த, தடித்த, நேரான வேர். குழாயின் அடியைத் தொட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் மூன்று சுற்றுச் சுருண்டு, அங்கே மிச்சமிருந்த கடைசி ஈரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து, வாடிய செடி ஒன்றை அறுத்தார்கள். அதில் வேர் ஒரு முழத்துக்குள்ளேயே சிக்கலாக நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் மண்.

"நல்லா நிக்கற வரிசை ஏன் குட்டைன்னு நேத்தே யோசிச்சேன்," என்றார் அண்ணி. "மேல வளர்றதை நிறுத்திட்டு வேருக்கு அனுப்பும்னு இவங்க சொன்னாங்க. கதவு பூட்டி, தண்ணி அடைச்சு, மண்ணு ஒரே மாதிரி வெடிச்சிருக்கு. யாரும் ஒண்ணும் ஊத்தல. சீட்டுதான் மாறியிருக்கு. சீட்டைத் தன் கையாலயே கட்டினதா இயக்குநர் நேத்து எங்ககிட்டப் பெருமையாச் சொன்னார்."

"அவசரத்தில் கை தவறியிருக்கலாம்," என்றார் இயக்குநர். இப்போது மேடைக் குரல் இல்லை. "மனிதன்தானே நான்."

"பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் தவறாதுங்க. ஒண்ணு ரெண்டு சரியா விழுந்திருக்கும். அதோட, தோத்த செடியை எரிக்கறாங்க, சரி. ஒண்ணுமில்லாத சாதாரணச் செடிக்கு வண்டி எதுக்கு? தம்பி, நோட்டைப் படிங்க."

கொழுந்தனார் நோட்டை விரித்தார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த கணம் இது. ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று தெரியவில்லை. சந்தேகப் பட்டியலின் ஆறு பெயரை, குழுத் தலைவியின் பெயர் உட்பட, கணீரென்று படித்துவிட்டார்.

"அடுத்த பக்கம், தம்பி."

"'இல்லத் தோட்டத்தில் தாமே கண்டறிந்து உலகுக்கு ஈந்த.' பித்தளைத் தகடு. இயக்குநர் அறை, அலமாரி ஓரம். தேதி அடுத்த வருடம். செதுக்கியவர் பிழை..." அவர் நிறுத்தினார். இரண்டு புருவமும் மேலே போயின. இந்த முறை அது பொருத்தமாகவே இருந்தது. "அய்யோ, பிழை இல்லையா அண்ணி அது?"

தகட்டைக் கொண்டுவரத் தோட்டக்காரர் போனார். வெல்வெட் துணியோடு இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். குழுத் தலைவி துணியை விலக்கிச் சத்தமாக வாசித்தார். வறட்சியை வெல்லும் ஆரஞ்சு வேர்வகையை, தமது இல்லத் தோட்டத்தில் தாமே கண்டறிந்து உலகுக்கு ஈந்த மாமேதை. அதன் கீழே இயக்குநரின் பட்டங்கள் நான்கு வரிக்கு ஓடின. அந்த வேர்வகைக்கும் அவர் பெயரையே சூட்டியிருந்தார்கள்.

"திருடறதுக்கு முன்னாடியே கல்வெட்டா?" என்றார் தலைவி. காதிலிருந்த கருவியைக் கழற்றினார். இயக்குநர் என்ன சொன்னாலும் இனிக் கேட்பதாக இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது.

இயக்குநரும் பொறுப்பாளரும் குழுவோடு அலுவலகத்துக்குப் போனார்கள். முதல் முறையாக இயக்குநர் பின்னால் நடந்தார். கழுவி வைத்த பாதை வழுக்கியது, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். வண்டி வெறுமனே திரும்பியது. பீப்பாயைத் தோட்டக்காரர் காலால் உதைத்து உருட்டிவிட்டார்.

ஆய்வாளர் தரையில் உட்கார்ந்து, அறுத்த செடியின் வேரை மடியில் வைத்து நீளத்தை அளந்துகொண்டிருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை. அளவை மட்டும் இரண்டு முறை சரிபார்த்து எழுதினார். பிறகு எழுந்து, நின்ற செடிகளின் கழுத்திலிருந்து தங்க எழுத்துச் சீட்டை ஒவ்வொன்றாக அறுத்தார்.

"உடனே புதுச் சீட்டுக் கட்டணும். இன்னொரு தடவை மாறிடக் கூடாது. கெட்டி அட்டை ஏதாவது இருக்கா அண்ணே?"

தோட்டக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அண்ணி மெதுவாகத் திரும்பிக் கொழுந்தனாரின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"அண்ணி, வேண்டாம்," என்றார் அவர்.

"நல்ல கெட்டி அட்டை தம்பி. பின்பக்கம் வெள்ளை."

"தங்க ஓரம் போட்டு அச்சடிச்சது அண்ணி!"

ஆய்வாளர் கையை நீட்டினார். கொழுந்தனார் பெருமூச்சோடு கார்டுகளை எடுத்து, எண்ணி, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஆய்வாளர் கையால் எண் எழுதினார். தோட்டக்காரர் நூல் கோர்த்துக் கட்டினார். அப்படியே குழாய்களின் மேலும் சுண்ணாம்பால் அதே எண்ணை எழுதினார்கள்.

ஒரே நாளில் பதினொரு கார்டு செலவானது தொழிலுக்கு நல்ல சகுனம் என்று திரும்பும் வழியெல்லாம் கொழுந்தனார் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணி மறுக்கவில்லை. ஆனால் கொழுந்தனாரின் பையில் பன்னிரண்டாவதாக எடுத்துத் தயாராக வைத்திருந்த ஒரு கார்டு அப்படியே இருந்தது. அதைக் கட்டுவதற்குச் செடி இல்லை.